திக்கலையும் மனச்சோர்வையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்த மருத்துவமனை: இராமநாதபுரத்துச் சேவை ஒன்றின் மதிப்புரை

இராமநாதபுரம் நகரில் இயங்கும் தனியார் மனநல மருத்துவமனை ஒன்றைப் பற்றியும், அங்கே வாரம் ஒருமுறை வந்து செல்லும் பேச்சுப் பயிற்சியாளரின் பணியைப் பற்றியும் இந்த மதிப்புரையை எழுதுகிறேன். மருத்துவமனையின் பெயரைக் குறிப்பிடவில்லை. பாம்பனிலிருந்து தேவிபட்டினம் வரை ஒருவரையொருவர் நன்கு அறிந்த ஊர்கள் இவை. மருத்துவமனையின் பெயர் தெரிந்தால், அங்கே இன்ன நாளில் வந்து போகிறவர் யார் என்பதும் தெரிந்துவிடும். தம்பியின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன் என்றாலும், அவன் மீண்டும் விசைப்படகில் தொழிலுக்குப் போகத் தொடங்கியிருப்பதால் அந்த அளவு மறைப்பு தேவைப்படுகிறது. பெயர் இல்லாமலும் இது பயன்படும் என்று நம்புகிறேன். எந்த மனநல மருத்துவமனைக்குச் சென்றாலும், பேச்சில் தடை உள்ள ஒருவருக்காக எதைக் கேட்க வேண்டும், எதை எதிர்பார்க்க வேண்டும் என்பது இதிலிருந்து தெரியும்.

தம்பிக்குச் சிறு வயதிலிருந்தே திக்கல் உண்டு. இருபது வயதைக் கடந்தபின் இருமுனைக் கோளாறு என்று சொல்லப்படும் மனநிலைக் கோளாறும் வந்தது. சில மாதங்கள் மனச்சோர்வில் ஆழ்ந்திருப்பான். வேறு சில வாரங்களில் உறக்கமே இல்லாமல் மனவெழுச்சியில் இருப்பான். இரண்டுக்கும் இடையே நீண்ட காலம் எல்லோரையும் போல வேலைக்குப் போய் வருவான். சோர்வும் பேச்சை மாற்றுகிறது, எழுச்சியும் மாற்றுகிறது, திக்கலோ எப்போதும் உடன் இருக்கிறது. மூன்றும் கலந்து தெரியும் ஒரு மனிதனை எதிரே உட்காரவைத்து, இதில் எது திக்கல், எது சோர்வு, எது எழுச்சி என்று பிரித்தறிவதே ஒரு மனநல மருத்துவமனையின் திறமைக்குச் சோதனை. என் மதிப்பீடு முழுவதும் அந்த ஒரு கேள்வியைச் சுற்றியே அமைந்திருக்கிறது.

திக்கல் பெரும்பாலும் 2 முதல் 5 வயதுக்குள் தொடங்குகிறது. குழந்தைகளில் ஏறத்தாழ 5 விழுக்காட்டினருக்கு வரும் அது, பெரும்பாலோரிடம் தானாகவே விலகி, பெரியவர்களில் ஏறத்தாழ 1 விழுக்காட்டினரிடம் தங்கிவிடுகிறது. பெரியவர்களில் பெண்களைவிட ஆண்களிடம் ஏறத்தாழ நான்கு மடங்கு அதிகம். அது பயத்தினாலோ தாயின் வளர்ப்பினாலோ உண்டாவதன்று. பரம்பரைக்கும், பேச்சை இயக்கும் மூளைப் பகுதிகளின் செயல்பாட்டுக்கும் அதில் பங்கு உண்டு. பதற்றம் அதைக் கூட்டிக் காட்டலாம், ஆனால் தொடங்கிவைப்பதில்லை. மனச்சோர்வு பேச்சைத் தொடும் முறையே வேறு. சொல்லின் முதல் எழுத்தில் நா சிக்கிக்கொள்வது திக்கல். சொல் தொடங்குவதற்கு முன்பே மனிதர் நின்றுவிடுவது சோர்வு. குரல் தாழ்கிறது, ஏற்ற இறக்கம் மறைகிறது, கேள்விக்கும் பதிலுக்கும் இடையிலான நேரம் நீள்கிறது, வாக்கியத்தின் நடுவே மௌனங்கள் பெருகுகின்றன. செருமானிய மனநல மருத்துவர் எமில் கிரெப்பலின் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே, சோர்வுற்றவர்கள் தாழ்ந்த குரலில், மெதுவாக, தயங்கித் தயங்கி, ஒரே சுருதியில் பேசுவதைப் பதிவு செய்திருக்கிறார். இவ்வளவு பழைய அறிவு நம் ஊர் மருத்துவமனைகளின் அன்றாட நடைமுறைக்கு இன்னும் முழுமையாக வந்து சேரவில்லை என்பது வருத்தத்துக்குரியது.

இதற்கு முன் நாங்கள் சென்ற வேறொரு மருத்துவமனையில், தம்பி பதில் சொல்ல நேரம் எடுத்தபோதெல்லாம் "திக்குவாய் இருப்பதால் பேசக் கூச்சப்படுகிறார்" என்று குறிப்பு எழுதினார்கள். சோர்வின் மௌனம் அந்த ஒற்றை வரிக்குள் மறைந்துபோனது. பிறகு எழுச்சி நிலை வந்தபோது அவன் பேச்சு ஆறாகப் பெருகியது. திக்கலும் அந்த நாட்களில் குறைந்தே காணப்பட்டது. ஓரியூர் அருளானந்தர் கோயிலுக்கு நேர்ந்துகொண்டது பலித்துவிட்டது என்று அம்மா கண்ணீர் விட்டு மகிழ்ந்தார்கள். பிள்ளை வாய் திறந்து பேசுவதைக் கேட்க அத்தனை ஆண்டுகள் காத்திருந்த ஒரு தாய்க்கு, அந்தப் பேச்சே நோயின் அறிகுறி என்று யார் சொல்லி விளங்கவைப்பது? அதைச் சொல்ல வேண்டியது மருத்துவமனையின் கடமை. இப்போது செல்லும் இடத்தில் அதைச் சொன்னார்கள். அதுவும் அம்மாவின் நேர்த்தியைச் சிறிதும் இழிவு செய்யாமல் சொன்னார்கள்.

முதல் சந்திப்புக்கு முழுதாக ஒரு மணி நேரம் ஒதுக்குகிறார்கள். மனநல மருத்துவர் கேள்வி கேட்டபின் எழுதும் பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டு, தம்பியின் முகத்தைப் பார்த்தபடி காத்திருந்தார். அந்தக் காத்திருப்பை நான் வேறெங்கும் கண்டதில்லை. அம்மா இடையில் புகுந்து பதில் சொல்ல முயன்றபோது, "தம்பியே சொல்லட்டும் அம்மா, நமக்கு நேரம் இருக்கிறது" என்று மெல்லிய குரலில் தடுத்தார். பதில் என்னவாக இருந்தது என்பதைக் குறித்துக்கொண்டதோடு, பதில் வர எவ்வளவு நேரம் ஆனது, எந்த இடத்தில் நின்றது, நின்ற இடத்தில் உதடு இறுகியிருந்ததா தளர்ந்திருந்ததா என்பதையும் குறித்துக்கொண்டார். திக்கலின் தடையில் உதடும் தாடையும் கழுத்தும் இறுகும், சிலருக்குக் கண் சிமிட்டும். சோர்வின் இடைவெளியில் முகம் அசைவற்றிருக்கும். இந்த வேறுபாட்டை அவர் எங்களுக்கும் காட்டிக் கொடுத்தார். அதன்பின் வீட்டில் நாங்களே அதைக் கவனிக்கக் கற்றுக்கொண்டோம்.

பேச்சுப் பயிற்சியாளர் செய்த சோதனைகளைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இந்தச் சேவையின் சிறப்பு அங்கேதான் இருக்கிறது. முதலில் ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணச் சொன்னார். திக்கல் உள்ளவர்களில் பலர் எண்ணும்போதும், பாடும்போதும், பிறரோடு சேர்ந்து ஒரே குரலில் சொல்லும்போதும் தடையின்றிச் சொல்லிவிடுவார்கள். கோயிலில் எல்லோரோடும் செபமாலை சொல்லும்போது தம்பி திக்கியதே இல்லை என்பது எங்கள் தெருவுக்கே தெரியும். எண்ணும்போதும் அவன் எந்த எண்ணிலும் சிக்கவில்லை. ஆனால் ஒவ்வோர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் நடுவே நீண்ட வெறுமை இருந்தது. திக்கல் விலகி நிற்கும் இடத்திலும் தங்கியிருக்கும் அந்த வெறுமைதான் மனச்சோர்வின் பங்கு என்று அவர் விளக்கினார். 1980-ஆம் ஆண்டிலேயே அமெரிக்க மருத்துவர்கள் இப்படி எண்ணச் சொல்லி, இடையில் வரும் மௌனத்தின் நீளத்தை அளந்து, சிகிச்சையால் சோர்வு குறையும்போது அந்த மௌனமும் குறைவதைக் காட்டியிருக்கிறார்கள். இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்தால் போதும்.

அடுத்தது ஒரு நிமிடச் சோதனை. ஒரு நிமிடத்துக்குள் எத்தனை விலங்குகளின் பெயர்களைச் சொல்ல முடியும் என்று கேட்பது உலகெங்கும் உள்ள வழக்கம். சொற்களை நினைவிலிருந்து வேகமாக எடுக்கும் திறனை அது காட்டுகிறது, மனச்சோர்வில் அந்த எண்ணிக்கை குறைவதுண்டு. இந்தப் பயிற்சியாளர் விலங்குகளைக் கேட்டதோடு நிற்காமல் மீன்களின் பெயர்களையும் கேட்டார். சீலா, பாறை, ஊளி, விளை, முரல், சூடை, காரல், கும்பிளா, மாவுலா, திருக்கை, கணவாய் என்று நல்ல நாளில் மூச்சுவிடாமல் அடுக்கக்கூடியவன், அன்று சில பெயர்களோடு நின்று தரையைப் பார்த்தான். கடல்தொழில் செய்கிறவனின் மீன் பட்டியலை நகரத்தில் உருவான எந்த அளவுகோலோடும் ஒப்பிட முடியாது என்பதை அவர் நன்றாக அறிந்திருந்தார். அவனை அவனோடு மட்டுமே ஒப்பிடப் போவதாகச் சொன்னார். அதன்பின் ஒவ்வொரு சந்திப்பிலும் அதே எண்ணிக்கை, அதே மீன்கள், அதே சிறு பத்தி வாசிப்பு ஆகியவை பதிவு செய்யப்படுகின்றன. பதிவுகள் தம்பியின் கைப்பேசியிலேயே இருக்கின்றன. மருத்துவமனை தன்னிடம் பிரதி வைத்துக்கொள்வதில்லை. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சை பெறுபவரின் இரகசியத்தை உரிமையாகவே வரையறுத்திருக்கிறது. அந்த உரிமையை எழுத்தளவில் நிறுத்தாமல் நடைமுறையில் மதிக்கும் ஓர் இடத்தைக் கண்டது மனநிறைவைத் தந்தது.

குரலைக் கேட்டே மனநிலையைச் சொல்லிவிடுவதாக விளம்பரம் செய்யும் கைப்பேசிச் செயலிகளைப் பற்றிக் கேட்டேன். திக்கல் உள்ளவரின் குரலையும், நம் கரையோரத் தமிழின் வேகத்தையும் அறியாத ஒன்றின் முடிவை நம்பி மருந்தை மாற்ற மாட்டேன் என்று மருத்துவர் தெளிவாகச் சொன்னார். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

மனவெழுச்சியின் பேச்சை அடையாளம் காண்பதற்கு அவர்கள் குடும்பத்துக்குத் தரும் பயிற்சி இந்தச் சேவையின் மற்றொரு வலிமை. மனச்சோர்வைக் கணக்கிட உலகெங்கும் பயன்படும் ஒன்பது கேள்விப் படிவத்தில், பிறர் கவனிக்கும் அளவுக்குப் பேச்சும் அசைவும் மெதுவாகிவிட்டனவா என்பது எட்டாவது கேள்வியிலேயே இருக்கிறது. மனவெழுச்சியை அளக்க 1978-இல் வெளியான யங் அளவுகோலில் உள்ள பதினொரு கூறுகளில் நான்குக்கு மட்டும் இருமடங்கு மதிப்பெண் உண்டு. அவற்றில் ஒன்று பேச்சு. பேச்சின் அளவும் வேகமும் கூடுவது, இடைமறிக்க முடியாமல் போவது, ஒரு பொருளை முடிக்காமல் அடுத்ததற்குத் தாவுவது ஆகியவை அறிகுறிகள். நிலை முற்றும்போது பொருளைவிட்டு ஓசையைப் பிடித்துக்கொண்டு சொற்கள் ஓடத் தொடங்கும். மோனைக்குப் பழகிய நம் காதுக்கு அது அழகாகவும் கேட்கக்கூடும். தம்பி ஒருமுறை கணவாயில் தொடங்கி, கண்ணி, கடன், கச்சான், கச்சத்தீவு என்று தாவிக்கொண்டே போனதை, பிள்ளைக்குக் கவிதை வருகிறது என்றே உறவினர்கள் பேசிக்கொண்டார்கள். அந்தத் தாவலோடு உறக்கம் குறைந்தும் களைப்பு தெரியாமலும் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார்கள் இந்த மருத்துவமனையில். வேகமாகப் பேசுவது மட்டும் நோயாகாது. உறக்கக் குறைவும், கட்டுக்கடங்காத செலவும், எரிச்சலும் சேர்ந்து நான்கு நாட்கள் நீடித்தால் உடனே தொலைபேசியில் அழைக்க வேண்டும். ஒரு வாரம் வரை காத்திருக்கக் கூடாது என்று எழுதியே கொடுத்தார்கள். அதற்காக ஒரு சிறு குறிப்பேடு தருகிறார்கள்: உறங்கிய நேரம், பேச்சின் வேகம், திக்கலின் அளவு ஆகிய மூன்றுக்கும் தனித்தனிக் கட்டங்கள். திக்கலுக்கும் வேகத்துக்கும் தனித்தனிக் கட்டங்கள் வைத்த அந்த யோசனைக்காகவே இந்தச் சேவைக்கு நான் உயர்ந்த மதிப்பெண் தருவேன்.

இன்னொரு கேள்வியை அவர்கள் கேட்ட விதமும் குறிப்பிடத்தக்கது. சோர்வோடு வந்த தம்பிக்கு மருந்து எழுதுவதற்கு முன், எப்போதாவது அளவுக்கு மீறிப் பேசிய காலம் இருந்ததா என்று அவனிடமும் எங்களிடமும் தனித்தனியே கேட்டார்கள். இருமுனைக் கோளாறு உள்ளவருக்கு மனச்சோர்வு மருந்தை மட்டும் தனியாகக் கொடுத்தால் அது எழுச்சியைத் தூண்டிவிடக்கூடும் என்பதால்தான் அந்தக் கேள்வி. மெதுவான பேச்சை மட்டும் கேட்டுவிட்டு மருந்து எழுதுவதில் உள்ள ஆபத்தை இதைவிடத் தெளிவாக எங்களுக்கு யாரும் விளக்கியதில்லை.

மனநிலையின் ஏற்ற இறக்கத்தைக் கட்டுப்படுத்தும் லித்தியம் என்ற மருந்தைத் தம்பிக்கு இப்போது தருகிறார்கள். கடலுக்குப் போகிறவருக்கு லித்தியம் எழுதும் மருத்துவர், கடலைப் பற்றியும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். இரத்தத்தில் லித்தியம் மிகக் குறுகிய எல்லைக்குள் இருக்க வேண்டிய மருந்து; கடைசி மாத்திரை போட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் எடுத்து அளவு பார்க்கிறார்கள், சிறுநீரகத்தையும் தைராய்டையும் அவ்வப்போது சோதிக்கிறார்கள். சித்திரை வெயிலில் படகில் வியர்த்து, தண்ணீர் போதாமல் உடல் வறண்டால், மருந்தின் அளவு இரத்தத்தில் ஏறிவிடும். வலை இழுத்த உடல்வலிக்குக் கடையில் தானாக வாங்கிப் போடும் டைக்ளோபினாக், இப்யூபுரூபன் போன்ற மாத்திரைகளும் அதை ஏற்றக்கூடியவை. அளவு மீறியதன் அடையாளங்களில் ஒன்று நாக்குழறல். இங்கேதான் பேச்சு மீண்டும் முக்கியமாகிறது: தம்பியின் திக்கலுக்குப் பழகிய படகுத் தோழர்கள், குழறலையும் "அவன் பேச்சே அப்படித்தான்" என்று விட்டுவிடக்கூடும். அதை முன்கூட்டியே எண்ணி, மருத்துவமனையில் ஓர் அட்டை தயாரித்துக் கொடுத்தார்கள். திக்கலில் எழுத்து திரும்பத் திரும்ப வரும் அல்லது அடைபடும். குழறலில் எல்லாச் சொற்களும் கரைந்து வரும். குழறலோடு கை நடுக்கம் மிகுதல், தள்ளாட்டம், வாந்தி, வயிற்றுப்போக்கு ஆகியவை சேர்ந்தால் மருந்தை நிறுத்திவிட்டு உடனே கரைக்குக் கொண்டுவர வேண்டும் என்று அதில் இருக்கிறது. ஒரு பக்கம் முகம் கோணிக் கை விழுந்து பேச்சு குழறினால் அது பக்கவாதமாக இருக்கலாம், 108-ஐ அழைக்க வேண்டும் என்பதும் அதன் கீழே இருக்கிறது. தம்பி அந்த அட்டையைப் படகு உரிமையாளரான சம்மாட்டியிடம் தானே காட்டிப் படகில் ஒட்டிவைத்திருக்கிறான். பேசத் தயங்குகிறவன் தன் நோயைப் பற்றித் தானே சென்று பேசினான் என்பதை நான் சிறிய செய்தியாகக் கருதவில்லை.

திக்கலுக்கான பயிற்சியைப் பொறுத்தவரை, முழுதாகக் குணமாக்குவோம் என்று அவர்கள் வாக்களிக்கவில்லை, அது நேர்மை. மூச்சை விட்டபடி மென்மையாகச் சொல்லைத் தொடங்குவது, அடைபட்ட சொல்லிலிருந்து பதறாமல் வெளியேறுவது, தவிர்த்துவந்த சொற்களை வேண்டுமென்றே சொல்லிப் பழகுவது ஆகியவற்றைக் கற்பிக்கிறார்கள். திக்கல் உள்ள பெரியவர்களிடம் பிறர் முன்னிலையில் பேசுவதற்கான அச்சம் ஒரு கோளாறாகவே வளர்வது மிகுதி. தொலைபேசியும், படகின் வயர்லெஸ் கருவியும் தம்பிக்கு அப்படிப்பட்ட அச்சங்கள். பயிற்சியாளர் வயர்லெஸில் வழக்கமாகச் சொல்ல வேண்டிய வாக்கியங்களைக் கேட்டு எழுதிக்கொண்டு, அவற்றையே பயிற்சிக்கு எடுத்துக்கொண்டார். சோர்வு ஆழமாக இருந்த காலத்தில் இந்தப் பயிற்சியை நிறுத்திவைத்து, மனநிலை தேறியபின் தொடங்கியது சரியான முடிவு. சோர்வுற்றிருக்கும்போது ஒவ்வொரு தடையையும் தன் தோல்வியாகவே அவன் எண்ணியிருப்பான்.

இனிக் குறைகள். அவை சிறியவை அல்ல.

பேச்சுப் பயிற்சியாளர் வருவது சனிக்கிழமைகளில் மட்டும். இராமேசுவரம் பகுதியில் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லும் நாட்களில் சனியும் ஒன்று. வேலையா பயிற்சியா என்று ஒவ்வொரு வாரமும் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. ஒரு முறை கடலுக்குப் போகாவிட்டால் அந்த முறைக்கான வருமானப் பங்கு இல்லை. கடற்கரை மாவட்டத்தில் நடக்கும் ஒரு மருத்துவமனை, படகு நாட்காட்டியைப் பார்த்துப் பயிற்சி நாளை அமைத்திருக்க வேண்டும். இதை எழுத்துமூலமாகவும் கேட்டிருக்கிறேன், இன்னும் மாறவில்லை.

வரவேற்பறையில் நடப்பது உள்ளே நடப்பதற்கு நேர்மாறாக இருக்கிறது. பெயரையும் ஊரையும் வாயால் சொன்னால்தான் டோக்கன் தருகிறார்கள். திக்கல் உள்ளவர்களுக்குத் தம் பெயரைச் சொல்வதே மிகக் கடினம். மற்ற சொல்லுக்கு மாற்றுச் சொல் தேடலாம், பெயருக்குத் தேட முடியாது. தம்பி பெயரின் முதல் எழுத்தில் நிற்கும்போது மேசையில் இருப்பவர் ஊகித்து முடித்துவிடுகிறார், அதுவும் சில வேளை தவறாக. பின்னர் அந்தப் பெயரை எல்லோருக்கும் கேட்கும்படி உரக்க அழைக்கிறார்கள். ஒரு தாளில் எழுதிக் கொடுக்க அனுமதிப்பதும், எண்ணை மட்டும் சொல்லி அழைப்பதும் செலவில்லாத மாற்றங்கள். மருத்துவர் அறைக்குள் கிடைக்கும் பொறுமை வாசலிலேயே கிடைக்க வேண்டும்.

நிரப்பத் தரும் படிவங்களின் தமிழ் அம்மாவுக்குப் புரியவில்லை. நான் ஆசிரியராக இருந்தும் சில வரிகளை இருமுறை வாசிக்க வேண்டியிருந்தது. கட்டணமும் குறைவன்று. முதல் சந்திப்புக்கு 700 ரூபாய், பயிற்சிக்குத் தனி, இரத்தச் சோதனைக்குத் தனி. தங்கச்சிமடத்திலிருந்து பேருந்தில் ஏறத்தாழ 45 கிலோமீட்டர் வந்து போகிற குடும்பத்துக்கு ஒரு நாள் முழுதும் போய்விடுகிறது.

செலவு தாங்காதவர்களுக்கு வேறு வழிகள் இருக்கின்றன. இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலச் சிகிச்சையும் மருந்தும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. பேச்சுத் தடை உள்ள 18 வயது வரையிலான பிள்ளைகளுக்கு, பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் பரிசோதித்து மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்பும் அரசுத் திட்டம் 2013 முதல் இருக்கிறது. ஆசிரியர்கள் அதைப் பெற்றோருக்குச் சொல்ல வேண்டும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பேச்சு மற்றும் மொழித் திறன் குறைபாட்டையும் மனநோயையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. 14416 என்ற எண்ணில் இயங்கும் டெலி மானஸ் சேவை 2022 அக்டோபர் 10 முதல் நடக்கிறது. எந்த நேரமும், கட்டணமின்றி, தமிழிலேயே பேசலாம். திக்கல் உள்ளவருக்குத் தொலைபேசிதான் மிகக் கடினமான இடம் என்பதால், குடும்பத்தில் ஒருவர் முதலில் அழைத்து, இவருக்குப் பேச நேரம் எடுக்கும் என்று சொல்லிவிட்டுக் கைப்பேசியை அவரிடம் கொடுப்பது நல்லது. தனியாரிடம் செல்வதென்றால், பேச்சுப் பயிற்சியாளர் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற்றவரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கேட்பதில் தவறேதும் இல்லை.

இந்த மாவட்டத்தில் மனநோயைப் பற்றி எழுதும்போது ஏர்வாடியைக் கடந்து செல்ல முடியாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு தனியார் காப்பகத்தில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தீயில் மாண்டார்கள். மனநோயாளிகளைச் சங்கிலியிடுவதை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் எவ்வகையிலும் தடை செய்கிறது. ஏர்வாடி தர்காவுக்குக் குணம் வேண்டி வருகிறவர்களுக்கு மருந்தும் துவா என்னும் பிரார்த்தனையும் சேர்ந்தே கிடைக்கட்டும் என்று அங்கே அரசு மனநலச் சிகிச்சைக்கும் ஏற்பாடு செய்திருக்கிறது. ஓயாத பேச்சைப் பேய்ப் பேச்சு என்றும், வாய் திறக்காமையைச் செய்வினை என்றும் கொள்ளும் வழக்கம் எல்லாச் சமயத்தாரிடமும் இன்னும் இருக்கிறது. ஆகவேதான், ஓரியூர் நேர்த்தியை அம்மா நிறைவேற்றட்டும், மாத்திரையைத் தம்பி நிறுத்தாமல் இருக்கட்டும் என்று இந்த மருத்துவர் இரண்டுக்கும் இடம் விட்டுப் பேசியதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

யாருக்கு இந்த இடத்தைப் பரிந்துரைப்பேன்? பேச்சில் தடையும் மனநிலையில் ஏற்ற இறக்கமும் சேர்ந்திருப்பவர்களுக்கு, செலவைத் தாங்க முடிந்தால், தயங்காமல் பரிந்துரைப்பேன். திக்கல் மட்டும் உள்ள சிறு குழந்தைக்கு அரசு மையமே போதும். தற்கொலை எண்ணமோ கட்டுக்கடங்காத எழுச்சியோ உள்ள அவசர நிலைக்கு இந்த இடம் பொருந்தாது. இரவில் இங்கே மருத்துவர் இல்லை, அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கே செல்ல வேண்டும். கடல்தொழில் செய்கிறவர்கள் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் சனிக்கிழமைப் பயிற்சிகளைத் தொடர்ச்சியாக முடித்துக்கொள்ளலாம். அந்த வாரங்களுக்கான இடம் விரைவில் நிரம்பிவிடுவதால் மார்ச் மாதத்திலேயே சொல்லி வையுங்கள். முன்பதிவுக்கு நேரில் செல்ல வேண்டியதில்லை, குறுஞ்செய்தியாக அனுப்பினாலும் ஏற்றுக்கொள்கிறார்கள்.